மீட்டர் ரூம் ஸ்விட்ச்சும் மாடி வீட்டு டியூஷனும்

மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலையின் நெட்வொர்க்கைக் கட்டி மேய்ப்பது என் பிழைப்பு. வீட்டுக்கு வந்தால் அந்தப் பேச்சே கூடாது என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டிருந்தேன். கிழக்குத் தாம்பரத்தில் இந்த அபார்ட்மென்ட்டுக்குக் குடிவந்ததும் அது செல்லுபடியாகவில்லை.

எங்கள் பிளாக்குக்கு மொத்தமாக ஒரே இன்டர்நெட் லைன். மீட்டர் ரூமில் லைனைப் பிரித்துக் கொடுக்கும் ஸ்விட்ச் பெட்டி ஒன்று, அதிலிருந்து வீட்டுக்கு வீடு ஒரு வயர். கொஞ்ச நாளாக நெட் இஷ்டத்துக்கு வருவதும் போவதுமாக ஒரே பேஜார். அசோசியேஷன் செகரட்டரி சார் யோசிக்கவே இல்லை, மாடி வீட்டு அக்கா மேல் பழியைப் போட்டுவிட்டார். அக்கா பள்ளிக்கூட வேலையை விட்டபின் ஆன்லைனில் பத்தாம் வகுப்புக் கணக்கு டியூஷன் எடுத்துத்தான் குடும்பத்தை ஓட்டுகிறார். நாள் முழுக்க வீடியோ ஓடினால் மற்றவர்களுக்கு எப்படி நெட் வரும் என்பது சாரின் வாதம். ஞாயிற்றுக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் அக்கா வீட்டு வயரைப் பிடுங்கிவிடுவதாகக் பிளாக் வாட்ஸ்அப் குரூப்பிலேயே போட்டார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். வீடியோ ஓடினால் நெட் மெதுவாகும், இப்படிக் காணாமல் போகாது என்று மாடிப்படியிலேயே அவரோடு மல்லுக்கு நின்றேன். அப்படியானால் நீங்களே சரிபண்ணுங்களேன் மேடம் என்றார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

ஞாயிறு சாயங்காலம் லேப்டாப்போடு மீட்டர் ரூமில் உட்கார்ந்தேன். கொசு பிடுங்கியெடுத்தது. விஷயம் சீக்கிரமே பிடிபட்டது. நெட்டில் சேரும் ஒவ்வொரு போனும் எனக்கு ஒரு முகவரி கொடு என்று கேட்கும். கொடுக்க வேண்டியது மெயின் லைனில் இருக்கும் ஒரே ஒரு பெட்டி. இங்கே யார் வீட்டிலிருந்தோ இன்னொரு பெட்டியும் முந்திக்கொண்டு கள்ள முகவரி கொடுத்துக்கொண்டிருந்தது. அதை வாங்கிய போன் போக வழி தெரியாமல் நிற்கும். இதற்கு ஸ்விட்ச்சிலேயே ஒரு காவல் உண்டு, ஸ்னூப்பிங் என்று பெயர். முகவரி கொடுப்பது யார் என்று ஒட்டுக்கேட்கும். மெயின் லைன் செருகியிருக்கும் போர்ட்டை மட்டும் நம்பு, வேறு எந்த வீட்டிலிருந்து முகவரி வந்தாலும் வாசலிலேயே மடக்கு என்று செட் பண்ணினேன்.

வீட்டுக்கு வீடு நெட் திரும்பியது. குரூப்பில் பாராட்டு கொட்டியது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. கள்ளப் பெட்டி எந்த வீட்டில் என்று பார்க்கக்கூட மறந்து காபி போடப் போய்விட்டேன். செகரட்டரி சார் போன் பண்ணி, அந்த வயரைப் பிடுங்கியது நல்ல காரியம் மேடம் என்றார். எந்த வயரை என்று கேட்பதற்குள் வைத்துவிட்டார்.

காலிங் பெல் அடித்தது. மாடி வீட்டு அக்கா, கண்ணெல்லாம் சிவந்து நின்றார்.

"எல்லார் வீட்டுலயும் நெட் வந்துடுச்சு, என் வீட்டுல மட்டும் வரல. நீயுமா என் வயரைப் பிடுங்கிட்ட?"

அந்த 'நீயுமா' எனக்குச் சுருக்கென்று தைத்தது. அவரோடு மாடிக்கு ஓடினேன். கிளாஸுக்கு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. இன்னொரு தடவை கட் ஆனால் வேறு டீச்சரைப் பார்த்துக்கொள்வோம் என்று பிள்ளைகளைப் பெற்றவர்கள் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள்.

டிவி பக்கத்தில் ஒரு புத்தம்புது ரவுட்டர். பெட்ரூம்வரை சிக்னல் வரட்டும் என்று அக்காவே வாங்கி மாட்டியது. சுவரிலிருந்து வரும் வயரை, வெளி லைனுக்கென்றே தனியாக இருக்கும் நீல ஓட்டையில் செருகாமல் பக்கத்து மஞ்சள் ஓட்டை ஒன்றில் செருகியிருந்தார். கள்ள முகவரி கொடுத்த மகராசன் இவன்தான். நான் போட்ட காவல் அவனை மற்ற வீடுகளுக்குப் போகவிடாமல் மடக்கிவிட்டது. அக்கா வீட்டுக்குள் மட்டும் அவன் ராஜ்ஜியம் அப்படியே நடந்தது. யாருக்காக இவ்வளவும் செய்தேனோ, அவரையே அவனோடு சேர்த்து உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறேன்.

வயரை உருவி நீல ஓட்டையில் செருகினேன். நெட் வந்தது. விஷயத்தைச் சொன்னதும் அக்கா முகத்தில் ஈயாடவில்லை.

"அப்போ சார் சொன்னது சரிதானா? என்னாலதானா?"

கிளாஸால் இல்லை அக்கா, ஒரு ஓட்டையால் என்றேன். ஸ்விட்ச் கோளாறு என்று குரூப்பில் போட்டுவிடுகிறேன், நீங்கள் வாயே திறக்க வேண்டாம் என்றும் சொன்னேன். இந்த மாதிரிப் பொய் எனக்குச் சரளமாக வரும்.

அக்கா கேட்கவில்லை. நேரே கீழே போய்ச் செகரட்டரி வீட்டுக் கதவைத் தட்டினார். சண்டைக்குத் தயாராக நானும் பின்னாலேயே போனேன்.

"சார், கோளாறு என் வீட்டுலதான். வயரை மாத்திச் செருகிட்டேன். இப்போ சரிபண்ணியாச்சு. ஆனா கிளாஸை நிறுத்த மாட்டேன்."

சார் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு திரும்பி, உள்ளே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"பசங்க காத்துட்டிருப்பாங்க. போய் ஆரம்பிங்கம்மா" என்றார்.