ஜெனீவாவில் போடாத கையெழுத்து

எங்கள் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுக்குக் கீழே மருந்துக்கடை வைத்திருப்பவர், எனக்குப் போன் வந்தால் படிக்கட்டடியில் நின்று சத்தம் கொடுப்பாரே தவிர மேலே ஏறி வரமாட்டார். முழங்கால் வலி அவருக்கு. கடந்த வியாழக்கிழமை காலையில் அவர் ஏறி வந்து வகுப்பு வாசலில் நின்றார். "வாத்தியாரே, மெஷினையெல்லாம் நிப்பாட்டச் சொல்லும்" என்றார். போன் செய்தது பார்வதி. அவளுடைய தகப்பனார் ஆவுடையப்பன் அவர்கள் குளித்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர், அப்புறம் எழுந்திருக்கவில்லை. அவருக்கு வயது எழுபத்திரண்டு.

பாளையங்கோட்டைக் கோர்ட்டிலும் கலெக்டர் ஆபீசிலும் சுருக்கெழுத்து எழுதுகிற பாதிப்பேருக்கு அவரைத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவரும் நானும் பதினேழு வருடம் ஒரே மாடியில் வேலை பார்த்தோம். அவர் சுருக்கெழுத்து, நான் தட்டச்சு. ஊரில் அவருக்கு 'ஜெருசலேம் அண்ணாச்சி' என்று ஒரு பெயர் உண்டு. முதலில் அது மரியாதையாகத்தான் இருந்தது. கடைசி இரண்டு வருடம் அது கேலியாகிப் போனது. அந்தக் கேலிக்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். இரங்கல் எழுதுகிறவனுக்கு ஆத்திரம் கூடாது என்பார்கள். எனக்கு இருக்கிறது, என்ன செய்ய?

அம்பாசமுத்திரம் பக்கத்தில் நெல் விளைகிற வீட்டில் பிறந்தவர். இருபத்திநான்கு வயதில் டெல்லியில் சர்க்கார் சுருக்கெழுத்தராக இருந்தார். 1947இல், பாலஸ்தீனத்தை யூதர்களுக்கும் அரேபியர்களுக்கும் பிரித்துக் கொடுப்பதா, கூடாதா என்று நேரில் விசாரித்துவர ஐக்கிய நாடுகள் சபை பதினொரு நாடுகளின் குழு ஒன்றை அனுப்பியது. இந்தியாவும் அதில் ஒன்று. நம் நாட்டுப் பிரதிநிதியோடு போன அலுவலர்களில் அண்ணாச்சியும் ஒருவர்.

யூதர்கள் தரப்பில் வரிசையாக வந்து சாட்சி சொன்னார்கள். அரேபியத் தலைவர்களோ, எங்கள் மண்ணைப் பங்குபோட நீங்கள் யார் என்று குழுவைப் புறக்கணித்துவிட்டார்கள். யாரும் வாய் திறக்கக்கூடாது என்று கட்டளை. ஒரு மலைக் கிராமத்தில் கார்கள் போய் நின்றபோது கதவுகள் எல்லாம் சாத்திக் கிடந்தன. பிரதிநிதிகள் ஊரைச் சுற்றிப் பார்க்கப் போய்விட்டார்கள். அண்ணாச்சி ஓர் ஆரஞ்சுத் தோட்டத்து நிழலில் நோட்டோடு நின்றிருந்தார். தோட்டத்துக்குள்ளிருந்து அரேபியர் ஒருவர் வந்தார்.

"ஈராக்குல பஸ்ரா ரயில்வேல நம்ம இந்திய ஆட்களோட வேலை பாத்தவராம் வே. அரைகுறை இந்துஸ்தானி பேசுதாரு. நீ இந்தியனான்னு கேட்டாரு. ஆமான்னேன். உங்க நாட்டையும் வெட்டுதாங்களாமேன்னாரு. நான் நோட்டைத் திறந்துட்டேன்" என்று அண்ணாச்சி என்னிடம் சொல்லியிருக்கிறார்.

அந்த மனிதர் சொன்னதை அண்ணாச்சி அங்கேயே எழுதிக்கொண்டார். நோட்டில் உள்ளது இது: "ஊற்று எங்கள் தோட்டத்தில் இருக்கிறது. பம்பு கீழே யூதர்களின் பண்ணையில் இருக்கிறது. பத்து வருடமாக முறை வைத்துத் தண்ணீர் விடுகிறோம். நாலு நாள் அவர்களுக்கு, மூன்று நாள் எங்களுக்கு. கலகம் நடந்த வருடங்களில்கூட முறை தப்பவில்லை. எந்தச் சர்க்காரும் இதை எழுதித் தரவில்லை. நடுவில் கோடு போட்டால் ஊற்று ஒரு நாட்டுக்கும் பம்பு ஒரு நாட்டுக்கும் போய்விடும். அப்புறம் அவனும் நானும் துப்பாக்கியோடுதான் மடைக்கு வரவேண்டும். கோடு போடுவதற்கு முன்னால் மடை திறக்கிறவனைக் கேளுங்கள்."

சாட்சியம் எழுதுகிறவன் முதலில் கேட்க வேண்டியது பெயர், வயது, ஊர். நம் ஆள் முதலில் கேட்டது என்ன தெரியுமா? "கடைமடைக்குத் தண்ணி போக எத்தனை நாள் பிந்தும்?" தாமிரபரணித் தண்ணீரில் விளைந்த நெல்லைத் தின்று வளர்ந்தவர் வேறு என்ன கேட்பார்! இரண்டு பேரும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, குச்சியால் மண்ணில் வாய்க்கால் வரைந்திருக்கிறார்கள். கார்க்கதவு சாத்துகிற சத்தம் கேட்ட பிறகுதான் அண்ணாச்சிக்குப் பெயர் ஞாபகம் வந்தது. கேட்டதும் தோட்டக்காரர் பெயரைச் சொன்னார். "இது உனக்கு மட்டும். உங்களோடு பேசினேன், யூதனோடு தண்ணீர் பங்கிட்டேன் என்று தெரிந்தால் என் ஆட்களே என்னை விடமாட்டார்கள்" என்றும் சொன்னார். பக்கத்தின் மூலையில், எல்லோரும் படிக்கும் சாதாரண எழுத்தில் அந்தப் பெயர் இருந்தது.

ஜெனீவாவில் உட்கார்ந்து குழு அறிக்கை எழுதியது. ஏழு நாடுகள் பிரித்துவிடு என்றன. இந்தியாவும் இன்னும் இரண்டு நாடுகளும், பிரிக்காதே, கூட்டாட்சியாக ஒரே நாடாக வை என்றன. ஒரு நாடு எந்தப் பக்கமும் சேரவில்லை. சேர்ந்து வாழமுடியும் என்பதற்கு அண்ணாச்சியின் நோட்டில் ஒரு சாட்சி இருந்தது. ஆனால் அது அறிக்கைக்குப் போகவில்லை. ஏன் அண்ணாச்சி என்று கேட்டால், "மழை வாரமாரி இருக்கு, சன்னலைச் சாத்தும்" என்பார்.

1993இல், வாஷிங்டனில் இஸ்ரேல் பிரதமரும் பாலஸ்தீனத் தலைவரும் கைகுலுக்கியதை டிவியில் எல்லோரும் பார்த்தோம். அடுத்த மாதம் பாளையங்கோட்டையில் ஒரு வாசகர் மன்றத்தார் அதைப் பற்றிக் கூட்டம் போட்டார்கள். தலைமை, வக்கீல் சங்கரலிங்கம். அண்ணாச்சியைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். அவருக்குக் கண்ணில் புரை. "நோட்டை நீரு படியும் வே. நாற்பத்தாறு வருசமா என் பொட்டிக்குள்ள கிடக்கு. நான் சாகதுக்கு முன்ன அந்த ஆளு சொன்னது ஒரு சபையில கேக்கணும்" என்றார். ஒருவர் சுருக்கெழுத்தை இன்னொருவர் படிப்பது லேசில்லை. ஆனால் பதினைந்து வருடம் அவர் கரும்பலகையைப் பார்த்தவன் நான்.

முந்தின டிசம்பரில் அயோத்தியில் மசூதியை இடித்த சூடு ஆறாத வருடம் அது. மேலப்பாளையத்திலிருந்து முஸ்லிம்கள் ஒரு கூட்டமாக வந்து இடதுபக்கம் உட்கார்ந்தார்கள். வலதுபக்கம் இந்து இயக்கத்தார் ஒரு கூட்டம். வாசலில் இரண்டு போலீஸ்காரர்கள். நான் படித்து முடித்ததும் இடதுபக்கமிருந்து ஒருவர் எழுந்து, "அரபி ஒருத்தர் இப்படிச் சொல்லியிருக்கவே மாட்டார், இது இட்டுக்கட்டின கதை" என்றார். வலதுபக்கமிருந்து ஒருவர், "அவங்களை நல்லவங்கன்னு காட்டதுக்கு ஜோடிச்சது" என்றார். இரண்டு பக்கமும் ஒத்துப்போன ஒரே விஷயம், அண்ணாச்சி புளுகுகிறார் என்பதுதான். நாற்காலிகள் நகர்ந்தன. போலீஸ்காரர் ஒருவர் உள்ளே வந்துவிட்டார்.

வக்கீல் மேஜையைத் தட்டினார். "சாட்சி பேரு என்ன? பேரு இல்லைன்னா இது சாட்சியம் ஆகாது."

"பேரைச் சொல்லும்! பேரைச் சொல்லும்!" என்று சபை முழுக்கச் சத்தம். பெயர் என் கண்ணெதிரே இருந்தது. வாயைத் திறந்தும்விட்டேன். அண்ணாச்சி என் மணிக்கட்டைப் பிடித்தார். அந்த வயதில் அவ்வளவு பிடி எங்கிருந்து வந்ததோ, வலித்தது.

"பேரு இருக்கு. சொல்ல மாட்டேன்" என்றார் சபையைப் பார்த்து. அப்புறம் சபை முழுக்கச் சிரிப்பு. அடிதடி வராமல் கூட்டம் கலைந்தது அந்தச் சிரிப்பால்தான்.

பஸ் நிறுத்தம்வரை நான் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். "அந்த ஆளு இருக்காரோ செத்தாரோ, ஒரு பேரைச் சொன்னா என்ன குறைஞ்சு போவும்? உம்ம மானம் கப்பல் ஏறிட்டே!"

"பைய நடயும். அவருக்குப் பிள்ளை இருப்பான், பேரன் இருப்பான். அங்கன இன்னும் கோட்டுக்கு ரெண்டு பக்கமும் துப்பாக்கிதான் வே இருக்கு. கைகுலுக்கினது டிவியிலல்லா?" என்றவர், விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஜெனீவாவில் நடந்ததை அன்றைக்குத்தான் சொன்னார்.

மேலதிகாரியிடம் நோட்டைக் காட்டியிருக்கிறார். அவர், "பேர் இல்லாத காகிதம் மேலே போகாது. நேரில் கேட்டவன் என்று நீ உன் பேரை எழுதிக் கையெழுத்துப் போடு, நான் அனுப்புகிறேன். ஆனால் தனியாகப் போய் உள்ளூர்க்காரனிடம் ஏன் பேசினாய் என்று டெல்லி கேட்கும்" என்றிருக்கிறார். பேனா அண்ணாச்சி கையில் இருந்திருக்கிறது.

"பயந்துட்டேன் வே. வேலை போயிருமேன்னு நோட்டை வாங்கிட்டுத் திரும்பிட்டேன். அவரு உசிரைப் பணயம் வச்சுச் சொன்னாரு. எனக்கு ஒரு கையெழுத்துப் போட முடியலை. இன்னைக்கு என் மானத்துக்காக அவர் பேரை விக்கச் சொல்லுதீரோ?"

பஸ் வந்ததும் அவரை ஏற்றிவிட்டேன். இருந்தாலும் கோபம் போகவில்லை, பதினைந்து நாள் அவரோடு பேசவில்லை. இப்போது அந்தப் பதினைந்து நாளை நினைத்து அழுகிறேன்.

அதன்பிறகு, டீக்கடையில் "அண்ணாச்சி, அரபி லெட்டர் கிட்டர் போட்டானா?" என்று கேட்காதவன் கிடையாது. அவர் சிரித்துக்கொள்வார். நான் சண்டைக்குப் போவேன். "உமக்கு ஏன்வே பிரஷர் ஏறுது?" என்று என்னை இழுத்துக்கொண்டு போவார்.

இந்த நவம்பர் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கைகுலுக்கிய இருவரில் ஒருவரான இஸ்ரேல் பிரதமரை யூதர் ஒருவரே சுட்டுக் கொன்றார் என்று ரேடியோவில் சொன்னார்கள். நான் அண்ணாச்சி வீட்டுக்கு ஓடினேன். அவர் நோட்டை மடியில் வைத்திருந்தார். "பாத்தீரா வே. அந்தப் பக்கத்து ஆளோட ஒத்துப்போறவனைச் சொந்தப் பக்கத்து ஆளே விடமாட்டான்" என்றார். பெயர் இருந்த மூலையைக் கிழித்து, பூஜை விளக்கில் காட்டினார். அது கருகி முடியும்வரை பார்த்துவிட்டு, நோட்டை என்னிடம் கொடுத்தார். "இனி அது உம்ம தலைக்குள்ள மட்டுந்தான் இருக்கு. பத்திரம்."

மூன்றாவது வாரம் அவர் போய்விட்டார்.

ஆற்றில் வெள்ளம் ஓடியது. தூறலில் சிதையில் தீப்பிடிக்க நேரமாயிற்று. வக்கீல் சங்கரலிங்கம் வந்திருந்தார். என்னைத் தனியே கூப்பிட்டு, தணிந்த குரலில் சொன்னார்: "பேச்சிமுத்து, அன்னைக்கு நான் கேட்டிருக்கக்கூடாது. ஆனா ஊர்ல அவரைப் புளுகன்னு சொல்லுதாங்க. நீரு அந்தப் பேரைச் சொல்லும். நான் பேப்பர்ல எழுதுதேன், போனவருக்கு மரியாதை கிடைக்கட்டும்." மனதாரத்தான் சொன்னார். உண்மையை ஒத்துக்கொள்கிறேன், அந்தப் பெயர் என் நாக்குநுனிவரை வந்துவிட்டது. என் சிநேகிதர் எரிந்துகொண்டிருக்கிறார், அவரைப் புளுகன் என்கிறார்கள், அதைத் துடைக்க எனக்கு ஒரு சொல் போதும்.

"எழுதிக்கிடுங்க வக்கீலய்யா" என்றேன். அவர் பேனாவை எடுத்தார். "பேரு பேச்சிமுத்து. தகப்பனார் பேரு சுடலைமுத்து. ஊரு பாளையங்கோட்டை."

அவர் எழுதாமல் பேனாவை மூடினார்.

அண்ணாச்சி, நீர் போயிட்டு வாரும். வக்கீல் எழுதாததை நானே எழுதிவிட்டேன். ஆரஞ்சுத் தோட்டத்துக்காரர் சொன்னது ஒரு சொல்லும் விடாமல் மேலே இருக்கிறது. நேரில் கேட்டு எழுதியவர் ஆவுடையப்பன். அது உண்மை என்பதற்கு யாராவது பொறுப்பேற்க வேண்டுமென்றால், கையெழுத்து இதோ.

சு. பேச்சிமுத்து