வெள்ளைக் குதிரையும் விடுபட்ட இரண்டு வரிகளும்

என் பாட்டு முதன்முதலாக அச்சுக்குப் போனபோது எனக்கு வந்தது பெருமை அன்று, பயம்.

இலங்கையின் நமுனுகுல மலைச்சரிவில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் அப்போது நான் கணக்கப்பிள்ளை. அங்கே குடை பிடிக்கும் உரிமை, கூலியாட்களை மேய்க்கும் பெரிய கங்காணிக்கு மட்டும்தான். மற்றவர்களுக்குக் கம்பளி. ஆனால் தோட்டத்தை ஆளும் வெள்ளைக்காரத் துரையின் குதிரை கண்ணில் பட்டால், மழை கொட்டினாலும் கங்காணியும் குடையை மடக்கிவிட வேண்டும். ஒருநாள் மூடுபனியில் குதிரை வந்தது. கங்காணி குடையை மடக்கி, நனைந்து, குனிந்து சலாம் வைத்தார். குதிரைமேல் யாருமில்லை. குதிரைக்காரன் அதை லாயத்துக்கு நடத்திக்கொண்டு போனான். தேயிலை ஸ்டோர் ஜன்னலிலிருந்து நான் பார்த்துவிட்டேன்.

அதைச் சிந்தாகக் கட்டி, புனைபெயரில் கொழும்புப் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பினேன். ஆள் தெரியாதிருக்க, செங்குதிரையை வெள்ளைக் குதிரையாக்கினேன். என் முன்யோசனை அவ்வளவுதான். கங்காணி ஒரு சொல் சொன்னால் துரை என்னை மூட்டையோடு மலையிறக்கிவிடுவார் என்பது தபாலில் சேர்த்த பிறகுதான் உறைத்தது.

அதிலிருந்து யாரைப் பார்த்தாலும் சந்தேகம். தபால்காரன் சிரித்தால், படித்துவிட்டான். சிரிக்காவிட்டால், படித்துவிட்டு மறைக்கிறான். துரை பங்களாச் சமையல்காரர் “சொகமா?” என்றதற்கு, “ஏன் கேக்குறீங்க?” என்றேன். குதிரைகூட ஒரு மாதிரியாகப் பார்த்தது.

ஒரு காலை, ஆட்கள் கூடும் பெரட்டுக் களத்தில் பேர் எடுத்து ஆட்களை மலைக்கு அனுப்பிய பின், கங்காணி பத்திரிகையோடு வந்தார்.

“கணக்கப்புள்ள, பக்கத்துத் தோட்டத்துக் கங்காணியப் பத்திப் பாட்டுப் போட்ருக்கான். அங்கதான வெள்ளக் குதிர இருக்கு. நான் ஒருதரம் படிச்சிட்டேன். நீங்க ராகமாப் படிங்க, கேப்போம்.”

பாட்டே தெரியாதவனைப் போலத் திணறித் திணறிப் படித்தேன். நடிப்பு நன்றாகவே வந்தது. குதிரை தலையாட்டும் இடத்தில் பார்த்தால், பாட்டுக்கே உயிரான இரண்டு வரிகளைக் காணோம். பத்திராதிபர் வெட்டியிருந்தார். என் பயம் எங்கே போயிற்றோ, வாய் தானாகப் பாடியது:

“தலையை ஆட்டிற்றே வெள்ளைக் குதிரை – கங்காணி
தாழ்ந்து சொன்னாரே, ‘சரிங்க துரை’.”

நிமிர்ந்தேன். கங்காணி மீசையைத் தடவிக்கொண்டிருந்தார்.

“அந்த ரெண்டு வரி எங்க இருக்கு? நான் பாக்கலியே.”

“மடிப்புல மறைஞ்சிருக்குங்க.”

“ஓகோ.”

பத்திரிகையை வாங்கிக்கொண்டு நடந்தார். நாலைந்து நாள் பங்களாப் பாதையையே பார்த்திருந்தேன். துரையிடம் அவர் போகவில்லை. ஏன் போகவில்லை என்பது அடுத்த சந்தேகமாயிற்று.

அடுத்த மழையில் குளம்புச் சத்தம் கேட்டது. ஸ்டோருக்குள் நின்ற என்னைக் கங்காணி கூப்பிட்டார். போனேன். குடையை மடக்கி என் கையில் கொடுத்தார்.

“புடிங்க. விரிச்சிராதீங்க, குதிர வருது.”

இருவரும் நனைந்தோம். மூடுபனியிலிருந்து குதிரை வெளிப்பட்டது. மேலே யாருமில்லை. குதிரைக்காரன் எங்களை விநோதமாகப் பார்த்தான்.

“ம், சலாம் வைங்க கணக்கப்புள்ள,” என்றார் கங்காணி.

வைத்தேன். குதிரை தலையை ஆட்டியது.