முதல் அடி வெறும் அடி

கம்பெனியில் அவளுக்கு வைத்த பெயர் கால்திருகு. டப்பாவில் மூடியை அழுத்த, காற்றில் ஓடும் சிலிண்டரின் வேகத்தை மாற்ற, திருகை ஒரேயடியாகத் திருப்ப மாட்டாள். கால் சுற்று, காது கொடுத்துக் கேட்பாள், மறுபடி கால் சுற்று. பதினோரு வருடமாக அந்தத் தகரடப்பாக் கூடத்தின் ஒரே பெண் ஃபிட்டர்!

அவள் கொண்டுவந்த வழக்கம் ஒன்று உண்டு. காற்றை நிறுத்தித் திறந்தால் முதல் அடி வெறும் அடி, வேலைக்கில்லாமல் சும்மா அடித்துவிடுவது. எல்லார் கையும் முதுகுக்குப் பின்னால். சிலிண்டரின் எதிர்ப்பக்கத்திலிருந்து வெளியேறும் காற்றைத் திருகு இறுக்கிப் பிடிப்பதால்தான் அது மெதுவாக இறங்குகிறது. நிறுத்தியதில் அங்கே காற்று காலியாகிவிட்டால் திருகு எதைப் பிடிக்கும்? முதல் அடி பாய்ந்துவிடும்.

அன்று காலை ஏழாம் மெஷினில் காற்றை நிறுத்தித் திருகு மாற்றினாள். காற்றைத் திறந்தாள். கைகழுவப் போனாள். சோப்பு நுரைக்கும்போதுதான் நினைவு வந்தது. வெறும் அடி அடிக்கவில்லை!

திரும்பினால், ஏழாம் மெஷினில் அவள் நாத்தனார். டப்பாவின் மேல் மூடியை விரலால் பிடித்திருக்கிறாள். சிலிண்டர் மெதுவாகத்தான் வரும் என்ற நம்பிக்கையில் பெடலை மிதித்தபிறகே விரலை எடுப்பது எல்லாருடைய பழக்கம்.

"ஏய், கையை எடு!"

இரைச்சலில் சத்தம் எடுபடவில்லை. மூன்று நாளாக இருவருக்கும் பேச்சுவார்த்தை வேறு இல்லை, கேட்டாலும் திரும்புவாளா? ஓடிப்போக நேரமில்லை. பக்கத்துச் சுவரில் மெயின் வால்வு. நுரைக்கையோடு அடித்து மூடினாள். புஸ்ஸென்று பன்னிரண்டு மெஷினின் காற்றும் வெளியேறி, கூடமே ஊமையானது. நாத்தனார் மிதித்த பெடல் சும்மா கிடந்தது.

சூப்பர்வைசர் பாய்ந்து வந்தார். "யாரும்மா மூடினது? லாரி வாசல்ல நிக்குது!"

"நான்தான் சார். ஏழுல வெறும் அடி அடிக்காம விட்டுட்டேன். என் தப்பு."

"எல்லாருக்கும் பாடம் எடுக்கத் தெரியும்," நாத்தனார் பக்கத்து மெஷின்காரியிடம் சொன்னாள். "வீட்டுலயும் இதே கதைதான்."

இப்போது பன்னிரண்டிலும் காற்று காலி. காற்றைத் திறந்து, ஒவ்வொரு மெஷினாக அவளே வெறும் அடி அடித்துக்கொண்டு வந்தாள். ஏழில் அந்த டப்பா அப்படியே இருந்தது.

"ரெண்டு கையும் பின்னாடி."

நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டே கையைக் கட்டினாள். கால்திருகு பெடலை மிதித்தாள்.

டமார்! மூடியும் டப்பாவும் ஒன்றாக நசுங்கின.

இரண்டாவது மிதி: ஸ்ஸ்ஸ்... பூப்போல இறங்கியது.

சூப்பர்வைசர் கால்திருகுக்கு மெமோ எழுதிக்கொண்டிருந்தார். நாத்தனார் கைகளை முன்னால் கொண்டுவந்து, பத்து விரலையும் விரித்து, மடக்கிப் பார்த்தாள்.

"அண்ணி," என்றாள். "உங்க கையில நுரை காஞ்சுபோச்சு. கழுவிட்டு வாங்க. அதுவரைக்கும் நான் பெடலைத் தொட மாட்டேன்."