சேர்க்காமல் விட்ட ரிமோட்

அந்த வீட்டு டிரைவருக்கு ஒரு பழக்கம் உண்டு. வண்டியை நிறுத்தி இறங்கினால் திரும்பிப் பார்க்க மாட்டார். நடந்துகொண்டே கையைத் தோளுக்கு மேல் தூக்கி ரிமோட்டை அமுக்குவார். பின்னால் ‘டக்’கென்று நாலு கதவும் பூட்டிக்கொள்ளும். கொஞ்சம் மிடுக்குதான். மனுஷனுக்கு அதுகூட இல்லாவிட்டால் எப்படி?

காரும் அவரும் ஒரே வருஷம்தான் அந்த வீட்டுக்குள் நுழைந்தார்கள். வீட்டுப் பையனைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டது, காய்ச்சலில் துவண்டவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிப் படியேறியது, எல்லாம் அவர்தான். சொந்த மகளின் பள்ளிக்கூட வாசல் எந்தப் பக்கம் என்று கேட்டால் முழிப்பார். மனைவி அதைச் சொல்லிச் சொல்லியே வாய் ஓய்ந்துபோனாள்.

பையன் சின்ன வயதில் அவரை ‘மாமா’ என்றான். கல்லூரிக்குப் போனதும் ‘அண்ணா’ ஆனார். பையனின் அப்பா, அந்த வீட்டுப் பெரியவர், கண்ணை மூடிய பிறகு வெறும் ‘டிரைவர்’. உறவு இப்படித் தேய்ந்துகொண்டு வந்தால் அடுத்தது என்ன என்று யாருக்கும் தெரியும். அவருக்கும் தெரியாமல் இல்லை. இந்த வயதில் வேறு எவன் வேலை கொடுப்பான்? அதனால் எதையும் கேட்காமல், பையன் முகத்தைப் பார்த்துப் பார்த்தே காலத்தை ஓட்டினார்.

அவருடைய ரிமோட்டோ இழுத்துக்கோ பறிச்சுக்கோ என்று கிடந்தது. பட்டன் தேய்ந்து குழியாகி, மூடி வாய் பிளந்து, ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தார். ஓரத்தில் நகத்தால் ஒரு குத்துக் குத்தினால்தான் வேலை செய்யும். அந்த இடம் அவர் நகத்துக்கு மட்டும்தான் தெரியும். புதுசு கேட்டால், பெரியவர் காலத்திலிருந்தே ‘பார்க்கலாம்’ என்பார்கள். பார்த்ததுதான் மிச்சம்.

அப்படியிருக்க, ஒரு நாள் காலையில் பையன் சின்னப் பெட்டி ஒன்றை நீட்டினான். உள்ளே பளபளவென்று புது ரிமோட். வண்டிக்கு செட் பண்ணிக்கொண்டு வரச் சொன்னான். அவ்வளவுதான், மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. வேலையை விட்டு அனுப்பப்போகிறவனுக்கு எவனாவது புது ரிமோட் வாங்குவானா? இனிப் பயமில்லை என்று மனைவிக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டுத்தான் வண்டியை எடுத்தார்.

சாவிக்காரரின் கடைக்குள் ஒருக்களித்துத்தான் நுழைய முடியும். சுவர் முழுக்க வெட்டாத சாவிகள். பழைய வண்டி என்பதால் கம்ப்யூட்டரெல்லாம் வேண்டாம், உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பியே புது ரிமோட்டை வண்டிக்குச் சொல்லிக்கொடுத்துவிடலாம் என்றார். ஆனால் ஒரு விஷயம்.

“வீட்ல இருக்கிற எல்லா ரிமோட்டும் இப்ப இங்க இருக்கணும்ணே. புதுசா ஒண்ணு சேர்க்க ஆரம்பிச்சா, இந்த வண்டி பழசையெல்லாம் அழிச்சிடும். இப்ப அமுக்காம விட்டது அப்புறம் வெறும் பிளாஸ்டிக்தான்.”

இன்னொன்று பையனிடம் இருந்தது. போன் செய்தார். வள்ளென்று விழுந்தாலும் வாடகைக் காரில் வந்து சேர்ந்தான். பின் சீட்டில் ஏறிப் போனுக்குள் தலையை விட்டுக்கொண்டான். டிரைவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கதவெல்லாம் சாத்தியாயிற்று. ஜன்னலில் குனிந்து நின்று சாவிக்காரர் சொல்லச் சொல்ல, சாவியைத் திருப்பினார், அணைத்தார், திருப்பினார், அணைத்தார். பூட்டுகள் தாமாகவே ஒருமுறை இறங்கி ஏறின. வண்டி தயார் என்றார் சாவிக்காரர். டிரைவர் பையனுடைய ரிமோட்டை அமுக்கினார், டக். புதுசை அமுக்கினார், டக்.

“உங்க பழசையும் ஒரு அமுக்கு அமுக்கிடுங்கண்ணே. இருந்துட்டுப் போகட்டும்.”

நகம் அந்த ஓரத்துக்குப் போய்விட்டது. பின்னாலிருந்து பையன் தலையைத் தூக்காமல், “அது வேணாம்” என்றான்.

“அதானே,” என்று சிரித்தார் நம் ஆள். “புதுசு வந்தாச்சு. இந்தக் கிழட்டை வெச்சுக்கிட்டு என்ன பண்றது?” சொல்லிவிட்டுச் சாவியை உருவினார்; அதோடு சேர்ப்பது முடிந்தது. அவரோடு சேர்ந்து யாரும் சிரிக்கவில்லை. சாவிக்காரர்கூட வேறு பக்கம் பார்த்தார். அப்போதாவது உறைத்திருக்க வேண்டாமா? வெள்ளந்தி என்று இதைச் சொல்லிப் பாராட்ட எனக்கு மனசு வரவில்லை.

புதுசைத் தன் சாவி வளையத்தில் கோக்கப் போனபோது, பின்னாலிருந்து கை நீண்டது. அதை வாங்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, பையன் வழியெல்லாம் மென்று விழுங்கிச் சொன்னான். நாளையிலிருந்து ஏஜென்சி மூலமாக வேறு டிரைவர் வருகிறார். அந்தப் பழைய ரிமோட் அவருக்குப் பிடிபடாது என்பதால்தான் இந்தப் புதுசு. டிரைவருக்கும் ஓய்வு வேண்டுமில்லையா?

“முன்னாடியே சொல்லியிருக்கலாமேப்பா.”

“சொல்லிட்டா, வண்டியை யாரு கடைக்கு எடுத்துட்டுப் போறது?”

குத்தலாகக்கூடச் சொல்லவில்லை, பாவி. உள்ளதைச் சொன்னான். அதுதான் அவரை அறுத்தது. தன் சீட்டைத் தன் கையாலேயே கிழித்துக்கொண்டு, அதற்குச் சிரிப்பு வேறு. மனைவியிடம் போனில் அளந்தது நினைவுக்கு வந்து உடம்பு கூசியது. கோபம் கோபமாக வந்தது. ஆனாலும் பள்ளம் வந்த இடத்திலெல்லாம், பின்னால் உட்கார்ந்திருப்பவனுக்குக் குலுங்காமல்தான் ஓட்டினார்.

வீட்டில் வண்டியை நிறுத்தினார். பையன் சாவியை மட்டும் வாங்கிக்கொண்டான்; பழைய ரிமோட் அவர் கையிலேயே இருந்தது. அவர் கேட்டை நோக்கி நடந்தார். பாழாய்ப்போன பழக்கம், கை தோளுக்கு மேல் எழும்பிவிட்டது. நகத்தால் குத்தினார். சத்தமில்லை. இன்னொரு குத்து. அப்போது பின்னால் ‘டக்’ கேட்டது. ஒரு நொடி நெஞ்சு துள்ளத் திரும்பினார். வாசல்படியில் பையன் புது ரிமோட்டோடு நின்றுகொண்டிருந்தான்.

“பூட்டிட்டேன். நீங்க கிளம்புங்க.”

சட்டைப் பையைத் தொட்டபோதுதான், கடையில் கழற்றிய மூக்குக்கண்ணாடியை டேஷ்போர்டு மேலேயே வைத்துவிட்டது தெரிந்தது. அது இல்லாமல் பஸ் டிக்கெட்டில் ஒரு எழுத்துகூடத் தெரியாது. திரும்பி நடந்து வந்து வண்டியருகே நின்றார். இத்தனை வருஷம் அவனுக்குக் கதவைத் திறந்துவிட்ட மனுஷன்.

“சார்,” என்றார். “என் கண்ணாடி உள்ள இருக்கு. கொஞ்சம் தெறந்து விடுறீங்களா?”