ராஜா எங்கே போயிருந்தார்?

மாணிக்கவாசகத்தின் வாயிலிருந்து 'இல்லை' என்ற சொல் வந்து யாரும் கேட்டதில்லை. தொழில் அப்படி. தி. நகரில் ஒரு பட்டுக் கடையில் இருபது வருஷமாகப் புடவை விரித்துக் காட்டுகிறார். கேட்ட நிறம் கடையில் இல்லாவிட்டால் 'இல்லை' என்று சொல்லக் கூடாது. "இதைப் பாருங்கம்மா" என்று வேறொன்றைப் பிரித்துப் போட வேண்டும். அறுபது புடவையைக் கலைத்துவிட்டு ஒன்றும் எடுக்காமல் எழுந்து போனாலும், "சரிங்கம்மா, அடுத்த வாட்டி வாங்க" என்று சிரிக்க வேண்டும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்த முதல் நாளே பிடிபட்ட பாடம் இது. மனுஷர் அதைக் கடையோடு விட்டிருக்கலாம். மந்தைவெளி வீட்டுக்கும் கொண்டுவந்தார், அதுதான் வினை.

மனைவி கீர்த்தி ஆஸ்பத்திரியில் நர்ஸ். மாமியார் அவளை வாய்க்கு வந்தபடி ஏசுவாள். இவர் அம்மாவிடமும் "சரிம்மா" என்பார், அழுதுகொண்டு வந்து நிற்கும் கீர்த்தியிடமும் "சரி, விடு" என்பார். ஏழு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு ராஜா அண்ணாமலைபுரத்தில் இருந்த அண்ணன் வீட்டுக்கு அவள் போய்விட்டாள். விவாகரத்துக் காகிதம் வந்தது. அதற்கும் "சரிங்க"தான். வாயில்லாப் பூச்சி என்று பரிதாபப்படுகிறவர்கள் படட்டும். கட்டினவள் அழும்போது வாய் திறக்காதவனுக்குப் பரிதாபம் ஒரு கேடா?

ஞாயிற்றுக்கிழமை காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை மகள் ஷ்ரேயாவைப் பார்க்கலாம் என்று கோர்ட் சொன்னது. இடம், லஸ் பக்கத்துப் பூங்கா. முதல் ஞாயிறு அப்பனும் மகளும் என்ன பேசுவதென்று தெரியாமல் இரண்டு மணி நேரம் அணிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுவாரம் அவர் நடைபாதைக் கடையில் ஒரு பழைய கதைப் புத்தகம் வாங்கிக்கொண்டு போனார். உள்ளே முழுக்க ராஜகுமாரன், ராஜகுமாரிக் கதைகள். வாரத்துக்கு ஒரு தேசம். ருஷ்யா, ஜப்பான், பாரசீகம், ஜெர்மனி என்று வண்டி ஓடியது.

அவருக்குத் தெரிந்த விதத்தில்தான் சொன்னார். எந்த நாட்டு ராஜகுமாரியானாலும் அவருடைய கதையில் அரக்குப் பட்டில் மாம்பழக் கலர் கரை போட்டுத்தான் வருவாள். கைக்குட்டையை விரித்துத் தோளில் போட்டு முந்தானை காட்டுவார். ஷ்ரேயா விழுந்து விழுந்து சிரிப்பாள். எதிர் பெஞ்சில் கீர்த்தி ஏதோ பாடப் புத்தகத்தை மடியில் வைத்து முணுமுணுத்துக்கொண்டிருப்பாள்.

ஷ்ரேயாவுக்கு ஒரே ஒரு சந்தேகம். "சித்தி ராணி அவளைக் காட்டுக்குத் துரத்துனா, அப்போ ராஜா எங்கப்பா போயிருந்தார்?"

"வேட்டைக்குப் போயிருந்தார்."

"போன வாரமும் வேட்டைக்குத்தானே போனாரு! வீட்லயே இருக்க மாட்டாரா?"

ஏழு வயசுப் பிள்ளை விளையாட்டாகத்தான் கேட்டது. அவருக்குச் சுருக்கென்றது. புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தால் எந்தத் தேசத்து ராஜாவும் அந்த நேரத்தில் வாயைத் திறக்கவில்லை. தூங்குகிறான், அல்லது ஊரில் இல்லை.

ஒரு ஞாயிறு கீர்த்தி எழுந்து வந்து ஒரு காகிதத்தை நீட்டினாள். "ஜெர்மனில வேலை கிடைச்சிருச்சு. ஷ்ரேயாவையும் கூட்டிட்டுப் போறேன். பாஸ்போர்ட்டுக்கு உங்க சம்மதக் கையெழுத்து வேணும். அடுத்த வாரம் கொண்டு வந்துடுங்க." ஒரு வருஷமாக அவள் முணுமுணுத்தது ஜெர்மன் பாடம் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. நாக்கு பழக்கத்தில் "சரி" என்றுவிட்டது.

வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை. பச்சை கேட்டவளுக்கு நீலத்தைக் காட்டினார், பேச்சும் வாங்கினார். இருக்கிற இரண்டு மணி நேரத்தையும் கொடுத்துவிட்டு எதற்காக இருப்பது? கையெழுத்துப் போட மாட்டேன். இந்த ஒரு தடவையாவது போட மாட்டேன். வெள்ளிக்கிழமை பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே அந்த முடிவுக்கு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை கையெழுத்துப் போடாத காகிதத்தைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு, அவரே கட்டிய ஒரு கதையைச் சொன்னார். "இந்த ராஜா வேட்டைக்குப் போகலை பிள்ளே. கோட்டை வாசல்லயே குறுக்க நின்னார். என் பொண்ணு எங்கேயும் போக மாட்டான்னு கத்தினார். எல்லாரும் பயந்துட்டாங்க."

ஷ்ரேயா சிரிக்கவில்லை. "அப்புறம்?"

"அவ்ளோதான். போகலை."

"ஐயே! போகலைன்னா கதையே இல்லையேப்பா! காட்டைப் பார்க்க மாட்டா, யாரையும் பார்க்க மாட்டா, கோட்டைக்குள்ளயே குந்திக்கினு இருப்பாளா? அந்த ராஜா கெட்டவரா?"

அவளே தொடர்ந்தாள். "நீ சொன்ன காடு நிஜமாவே ஜெர்மனில இருக்காம்ப்பா. அம்மா சொன்னாங்க. பனி கொட்டுமாம். கோட்டைகூட இருக்காம்."

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதுதான். ஞாயிறு ஞாயிறாக உட்கார்ந்து அந்தத் தேசத்தை அவள் கண்ணில் விரித்துப் போட்டது யார்? பிள்ளைக்கு இப்போது அதுதான் வேண்டும். வேறொன்றைப் பிரித்துக் காட்ட அவரிடம் சரக்கு இல்லை.

"அப்பாவை விட்டுட்டுப் போக உனக்கு இஷ்டமா?" என்று கேட்டார். அவளை அதுவரை யாரும் கேட்டிருக்கவில்லை.

அவள் கைக்குட்டையின் ஓரத்தைத் திருகினாள். "போணும்ப்பா. ஆனா பயமாவும் இருக்கு."

அவர் எழுந்து எதிர் பெஞ்சுக்குப் போய் பேனா கேட்டார். கீர்த்தி, "சரின்னுதான் சொல்வீங்கன்னு தெரியும்" என்றாள்.

"சரின்னு நான் சொல்லலை கீர்த்தி. எனக்கு இஷ்டமில்லை. அவ போகணும்கிறா, போடுறேன்."

"அங்கேருந்து முடிஞ்சப்போ பேசச் சொல்றேன்."

"முடிஞ்சப்போ எல்லாம் ஆகாது. ஞாயித்துக்கிழமை. ஒரு வாரம்கூடத் தப்பக் கூடாது."

கீர்த்தி அவரையே பார்த்தாள். அவள் கண் கலங்கிவிட்டது. "இந்தக் குரல்ல உங்கம்மாகிட்ட ஒரு தடவை பேசியிருக்கலாமே" என்றாள். அவர் தலை குனிந்து கையெழுத்தைப் போட்டார்.

மணி பன்னிரண்டு. கேட் வரை ஷ்ரேயா அவர் விரலைப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஆட்டோவில் ஏறப் போனவள் திரும்பினாள். "அப்பா, பொண்ணு காட்டுக்குப் போனதுக்கப்புறம் அந்த ராஜா தனியா என்ன பண்ணுவாரு? எந்தக் கதையிலயும் நீ அதைச் சொல்லவே இல்லை."

"எனக்கும் தெரியாது பிள்ளே," என்றார் மாணிக்கவாசகம். "நீ போய்ச் சேரு. தெரிஞ்சதும் சொல்றேன்."