சதுர ஓட்டைகள்

பதுளை மெதடிஸ்த ஆலயத்து அலுமாரியைத் திறந்ததும், அந்துருண்டை வாசத்தோடு எங்கள் வாலிபர் கூடுகைப் படம் கைக்கு வந்தது. பாதி முகங்கள் இருந்த இடத்தில் ஓட்டை.

"பூச்சி அரிச்சிருச்சா அங்கிள்?" என்றாள், படங்களுக்குப் பெயர் எழுத வந்திருந்த இன்றைய வாலிபர் சங்கச் செயலாளர்.

"பூச்சி சதுரமா அரிக்காதும்மா."

அந்த நாளில், தோட்டத் தமிழர்களைத் திருப்பியனுப்பும் ஒப்பந்தப்படி இந்தியாவுக்குப் போக விண்ணப்பிப்பவர்களுக்குப் படம் வேண்டும். ஸ்டூடியோவுக்குப் போனால் ஒரு நாள் சம்பளம் போகும். ஆகவே பூனாகலை, நமுனுகுல தேயிலைத் தோட்ட லயங்களிலிருந்து வந்து தகரக் கூரை மழையை மீறிப் பாடியவர்கள், சீனிச்சம்பல் தடவிய பாண் துண்டுக்கு முண்டியடித்தவர்கள், ஒவ்வொருவராகத் தங்கள் முகத்தைக் கத்தரித்துக்கொண்டு போனார்கள். பிற்காலத்தில் அரசு அலுவலகத்தில் விண்ணப்பங்களைத் திருப்பியனுப்பியே ஓய்வுபெற்றவன் நான். கூட்டப் படத்தில் வெட்டிய முகம் விதிப்படி செல்லாது. அன்று இருக்கையில் இருந்த இளகிய மனதுக்காரன் எவனோ எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டுவிட்டான். எங்கள் அப்பா விண்ணப்பிக்கவில்லை; நாங்கள் இங்கேயே தங்கிவிட்டோம்.

"இதுல நீங்க எங்க அங்கிள்?"

இரண்டு ஓட்டைகளுக்கு நடுவே முழு முகத்தோடு சிரித்துக்கொண்டிருந்தவனைக் காட்டினேன். கத்தரிக்கோல் பட்டு அவனுடைய இரு தோள்களிலும் ஒரு கீற்றுக் குறைந்திருந்தது. என்னில் அவ்வளவுதான் அவர்களோடு போனது.