பெயரில்லாத ஜெபக் குறிப்பு

சபையில் ஜெபக் குறிப்புச் சீட்டுகளை வாசித்துப் பழகியவர்களுக்குத் தெரியும், பெயர் எழுதாத சீட்டு வந்தால் அன்றைக்கு யாருக்கும் கண் மூடாது. மனைவி இறந்த வருஷம், வீட்டில் சும்மா இருக்க வேண்டாமென்று எங்கள் ஊர் மாப்பிள்ளையூரணியில் நடக்கும் வீட்டு ஜெபக்கூட்டத்தில் இந்த வேலையை எனக்குத் தந்தார்கள்.

யார் அது?

ஒரு புதன்கிழமை இப்படி ஒரு சீட்டு வந்தது: "குடியை விட்டு இருபது நாள் ஆகிறது. மறுபடி விழாமல் இருக்க ஜெபியுங்கள்." வாசித்தேன். தலைகள் குனிந்தன, கண்கள் மட்டும் ஆண்கள் பக்கம் போய்வந்தன. ஆமென் சொன்ன கையோடு டெய்சி டீச்சர் என்னிடம் வந்தார்.

"அந்தச் சீட்டக் கொஞ்சம் காட்டுங்க அண்ணாச்சி. எழுத்தப் பாத்தா ஆளு தெரிஞ்சிரும். பேரச் சொல்லி ஜெபிச்சா பலன் கூடும்லா?"

ஆறுதல் சந்திப்பு

நான் காட்டவில்லை. ஆனால் எனக்கும் ஓர் ஆள் மேல் சந்தேகம் இருந்தது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் ஜெபராஜ் கொஞ்ச நாளாகக் கதவோரம் உட்கார்ந்து, முதல் ஆளாக எழுந்து போய்க்கொண்டிருந்தான். கருப்பட்டி மிட்டாய் வாங்கிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். அவனைப் பலப்படுத்தத்தான் போகிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அவன் கதவைத் திறந்ததும் என் மூக்குதான் முதலில் உள்ளே போனது. உங்களில் எத்தனை பேர் இப்படிப் போயிருக்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை.

அவன் மனைவி எஸ்தர் மிட்டாயை வாங்கி ஜன்னலில் வைத்தாள். அங்கே ஏற்கெனவே மூன்று பொட்டலம் இருந்தது.

"நாலாவது ஆளு நீங்க. காப்பி போடட்டா அண்ணாச்சி, இல்ல அவங்கள ஊதிக் காட்டச் சொல்லட்டா?"

ஆறு மணி

அடுத்த புதன் அவன் வரமாட்டான் என்றிருந்தேன். வந்தான். சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்து நின்றான். "அந்தச் சீட்டு என்னதுதான். வந்து மோந்து பாத்தவங்களுக்கு ஸ்தோத்திரம். வீட்ல நான் குடிக்க மாட்டேன். ஆறு மணிக்கு வேல முடிஞ்சு வாற வழியிலதான் மதுக்கடை. அங்கன கூட நடக்க ஒரு ஆளு வேணும்."

ஜெபிக்கிறோம் என்றார் ஒருவர். மற்றவர்கள் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார்கள்.

மறுநாள் ஆறு மணிக்குத் துறைமுக வாசலில் நின்றேன். கடை இருந்த பக்கமாக நான் நடந்தேன். என் மறுபக்கம் அவன். கடையைத் தாண்டிய பிறகு கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டான்.

"காவலுக்கு வந்தீங்களா அண்ணாச்சி, துணைக்கா? எதுக்குன்னாலும் நாளைக்கும் வாங்க."

சந்தேகப்படாதவர்கள்தான் ஒருவரையொருவர் தாங்க வேண்டும் என்றால், எங்கள் சபையில் அந்த வேலைக்கு ஆளே கிடைக்காது.